திராட்சைத் தோலும் மாமாவின் கேள்வியும்

இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கும் என் மாமா, பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வாங்கிய பன்னீர் திராட்சையை உரித்துத் தின்றபடியே, "தினம் ஒரு கிளாஸ் ஒயின் நெஞ்சுக்கு நல்லதாமே, மருமவனே?" என்று நேற்று கேட்டார். தட்டின் ஓரத்தில் கருநீலத் தோல்களும் விதைகளும் குவிந்து கிடந்தன. அவர் தேடிய பொருள் பெரும்பாலும் அந்தக் குவியலில்தான் இருந்தது.

பாலிஃபீனால்கள் எனப்படும் தாவரச் சேர்மங்களில், ஆந்தோசயனின்களும் ரெஸ்வெரட்ராலும் தோலிலும், புரோஆந்தோசயனிடின்கள் விதையிலும் மிகுந்துள்ளன. தோலோடும் விதையோடும் நொதிக்க வைப்பதால்தான் வெள்ளை ஒயினைவிடச் சிவப்பு ஒயினில் பாலிஃபீனால்கள் அதிகம். இவை இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களை நைட்ரிக் ஆக்சைடு சுரக்கத் தூண்டி, குழாயைத் தளரச் செய்வது ஆய்வகங்களில் காணப்பட்டுள்ளது.

கொழுப்பு மிகுதியாக உண்ணும் பிரெஞ்சுக்காரர்களிடம் இதய நோய் குறைவாக இருப்பதற்கு ஒயினைக் காரணமாகக் காட்டி, பிரெஞ்சு ஆய்வாளர் செர்ஜ் ரெனோ 1992-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இந்தப் பேச்சுக்கு வலுச் சேர்த்தது. ஆனால், அளவாகக் குடிப்போருக்கு வசதியும் நல்ல உணவும் வாய்த்திருப்பதையும், நோயால் குடியை விட்டவர்கள் 'குடிக்காதவர்' பட்டியலில் சேர்ந்துவிடுவதையும் பழைய கணக்குகள் பல சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் ரெஸ்வெரட்ரால் சில மில்லிகிராம்தான். ஆய்வுகளில் மாத்திரையாகக் கொடுப்பதோ பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மில்லிகிராம். மதுவில் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளிப்படையாகவே அறிவித்தது.

இதையெல்லாம் மாமாவிடம் சொல்லி, பழத்தில் சர்க்கரை இருப்பதால் திராட்சையை ஒரு கைப்பிடியோடு நிறுத்தச் சொன்னேன். அடுத்த பழத்தைத் தோலோடு மென்றார். துவர்ப்பில் முகம் சுளித்தாலும் துப்பவில்லை.