எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் வரும் லோ சுகர்: தட்டில் என்ன மாற்ற வேண்டும்

பைபாஸ் (வயிற்றின் பெரும்பகுதியைத் தாண்டி உணவை நேராகச் சிறுகுடலுக்கு அனுப்புவது) அல்லது ஸ்லீவ் (வயிற்றை வெட்டிக் குறுகிய குழாயாக்குவது) அறுவை முடிந்து ஒரு வருடம், சில சமயம் இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் இந்தத் தொல்லை தலைகாட்டும். எடை குறைந்து, எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும். சாப்பிட்டு ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் திடீரென்று வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், அடக்க முடியாமல் பசிக்கும். சுகர் இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், பார்வை மங்கும், கையில் எடுத்த வேலை என்னவென்றே பிடிபடாது. சுற்றி இருப்பவர்கள் "சரியாச் சாப்பிட்டிருக்க மாட்டே" என்பார்கள். நடந்தது அதற்கு நேர்மாறு. சாப்பிட்டதால்தான் வந்தது.

முழு இரைப்பை உணவைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்கு விடும். பைபாஸில் அந்தத் தடுப்பு ஏறக்குறைய இல்லை. ஸ்லீவிலும் வயிறு வேகமாகக் காலியாகிறது. மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) ஒரே வீச்சில் சிறுகுடலில் இறங்குவதால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சுகர் செங்குத்தாக ஏறும். குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும். அதன் தூண்டுதலில் கணையம் தேவைக்கு மேல் இன்சுலினை விடும். குளுக்கோஸ் சீக்கிரமே தீர்ந்துவிடும், இன்சுலின் மிஞ்சி நிற்கும். இறக்கம் தனியாக வருவதில்லை, முந்தைய ஏற்றத்தின் மறுபாதி அது. அந்த ஏற்றத்தைச் சின்னதாக்குவதுதான் இந்த டயட்டின் ஒரே வேலை. கீழே சொல்லும் எல்லா விதிகளும் அதிலிருந்து வருபவைதான்.

முதலில் இது லோ சுகர்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சாப்பிட்ட அரை மணிக்குள் வயிற்றைப் பிசைந்து, வயிற்றுப்போக்கும் தலைச்சுற்றலும் வந்தால் அது முன்கட்ட டம்பிங், அதாவது உணவு குடலில் சட்டென்று கொட்டப்படுவதன் தொல்லை. குடலுக்குள் நீர் இழுக்கப்படுவதால் வருவது. அப்போது மீட்டரில் சுகர் குறைந்திருக்காது. அறிகுறி இருக்கும்போதே விரல் நுனியில் பார்த்தால் 70 மி.கி.க்குக் கீழே இருக்க வேண்டும், குளுக்கோஸ் எடுத்ததும் அறிகுறி விலக வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு. 54-க்குக் கீழே போனால் தீவிரம். மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி இதில் உதவாது, ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து சராசரி அழகாகவே இருக்கும். குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் சொல்லும் சோதனையும் அறுவை செய்தவர்களுக்குப் பொருந்தாது. கடுமையான டம்பிங்கைக் கிளப்பிவிடும். வெறும் வயிற்றிலோ விடியற்காலையிலோ சுகர் இறங்கினால், அல்லது அறுவை முடிந்த முதல் சில மாதங்களிலேயே இறங்கினால், டயட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இன்சுலினோமா (இன்சுலினைச் சுரக்கும் கணையக் கட்டி) உட்பட வேறு காரணங்களை மருத்துவர் தேட வேண்டியிருக்கும். எடை குறைந்த பிறகும் பழைய அளவிலேயே இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை நீரிழிவு மாத்திரையோ தொடர்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

இனி தட்டு. ஒரு வேளைக்கு மாவுச்சத்து 30 கிராம், இடைத்தீனிக்கு 15 கிராம் என்பது வழக்கமாகத் தரப்படும் வரம்பு. இது உணவின் எடை அல்ல, அதிலுள்ள மாவுச்சத்தின் எடை. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் இருக்கிறது. ஒரு கப் சோறு 45-ஐத் தொடும். ஒரு துண்டு ரொட்டியில் 12 முதல் 15, வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் சுமார் 20, நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 27. அந்த ஒரு பழமே ஒரு வேளைக்கான பங்கு! சமையலறைத் தராசு ஒன்று வாங்கிச் சில வாரம் நிறுத்துப் பாருங்கள். கண்ணளவு எப்போதும் நமக்குச் சாதகமாகவே பொய் சொல்லும்.

அளவு சரியாக இருந்தும் சுகர் ஏறுகிறது என்றால் உணவின் வடிவத்தைப் பாருங்கள். 30 கிராம் மாவுச்சத்து முழுக் கொண்டைக்கடலையாக வந்தால் ஒரு கதை, கஞ்சியாக வந்தால் வேறு கதை. அரைத்ததும் குழைத்ததும் கரைத்ததும் வயிற்றில் நிற்காது. பழச்சாறு, இனிப்புப் பானம், தேன் கலந்த எதுவும் மிக மோசம். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று எழுதிய புரத பார், புரதப் பொடியையும் நம்பிவிட வேண்டாம். பின்பக்கத்தில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சை உடைத்துச் செய்யும் பொடி) இருக்கிறதா, மொத்த மாவுச்சத்து எத்தனை கிராம் என்று பாருங்கள். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரைக் கணக்கில் வராது, ஆனால் குளுக்கோஸ் வேகத்தில் ஏறும்.

மாவுச்சத்தை எப்போதும் தனியாகச் சாப்பிடக் கூடாது. முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர், சீஸ் என்று புரதம் ஏதாவது முதலில், அதோடு காய்கறி, சோறோ ரொட்டியோ கடைசியில். புரதமும் கொழுப்பும் முன்னால் போனால் பின்னால் வரும் மாவுச்சத்து மெதுவாகத்தான் நகரும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: சிறிய வயிறு புரதத்திலேயே பாதி நிறைந்துவிடுவதால் சோற்றின் அளவு தானாகக் குறையும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம்தான், ஆகவே ஒற்றை முட்டையை வைத்துக்கொண்டு "புரதம் சாப்பிட்டேன்" என்று சொல்ல முடியாது. பழம் சாப்பிட்டால் அரைப் பழம், கூடவே ஒரு கைப்பிடி பாதாமோ வேர்க்கடலையோ.

சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். உணவுக்குப் பின் அரை மணி பொறுத்துக் குடிக்கலாம். மென்று, இருபது முப்பது நிமிடம் எடுத்துச் சாப்பிட வேண்டும். உணவுக்கும் உணவுக்கும் இடையே மூன்று முதல் நான்கு மணி நேரம். பயத்தில் அரை மணிக்கொரு தரம் எதையாவது கொறிப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு கொறிப்பும் தன் பங்குக்கு இன்சுலினைக் கிளப்பும். இன்னொரு கோடியில், மாவுச்சத்தையே முழுதாக நிறுத்திவிடுபவர்கள். என் அனுபவத்தில் அது நிலைப்பதில்லை. சோர்வு சேர்ந்து, ஒரு நாள் பெரிய தட்டாக உடையும். 30 என்பது மேல் வரம்பு, பூஜ்யத்தை நோக்கிய பந்தயம் அல்ல. மது இரட்டைக் கேடு: அறுவைக்குப் பின் வேகமாக ஏறும், கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதையும் தடுக்கும். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில், இன்சுலின் உச்சத்தில் இருக்கும்போது, கடும் உடற்பயிற்சியும் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் இறங்கினால்? இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பதற்றத்தில் ஒரு டம்ளர் ஜூஸ், அதற்கு மேல் இனிப்பு என்று 40 கிராம் உள்ளே போகும். சுகர் மறுபடி உச்சிக்குப் போய், இரண்டு மணி நேரத்தில் மறுபடி விழும். ஒரே மாலையில் மூன்று இறக்கங்கள் வருவது இப்படித்தான். குளுக்கோஸ் மாத்திரையில் எடுத்தால் அளவு தெரியும். ஒன்றில் பொதுவாக 4 கிராம். வழக்கமான விதி 15 கிராம் எடுத்து, 15 நிமிடம் காத்திருந்து, மறுபடி பார்ப்பது. அறுவைக்குப் பின் உறிஞ்சும் வேகம் அதிகம் என்பதால் லேசான இறக்கத்துக்கு 8–10 கிராமே போதும் என்று சில மருத்துவர்கள் அளவைக் குறைத்துத் தருவார்கள். உங்கள் அளவை முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தடுமாறும் நேரத்தில் யோசிக்க வராது. 70-ஐத் தாண்டியதும் ஒரு துண்டு சீஸோ ஒரு கரண்டி வேர்க்கடலை வெண்ணெயோ சாப்பிட்டால் ஏறியது நிற்கும். சாக்லேட் அவசரத்துக்கு ஆகாது, அதிலுள்ள கொழுப்பு குளுக்கோஸைத் தாமதப்படுத்தும். சுகர் இறங்கிய நிலையில் வண்டியை எடுக்கக் கூடாது. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், சுகரை ஏற்றும் குளுக்ககான் ஊசி எழுதித் தரப்பட்டிருந்தால் போடலாம்.

சுகரைத் தொடர்ந்து காட்டும், கையில் ஒட்டும் சென்சார் கிடைத்தால் பெரிய உதவி. ஆனால் அது ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். சுகர் வேகமாக விழும்போது திரையில் 80 என்றிருந்தாலும் விரலில் 60 இருக்கலாம். எண்ணைவிட, சுகர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியைக் கவனியுங்கள், எச்சரிக்கை ஒலியை 70-க்குச் சற்று மேலேயே வையுங்கள். தூக்கத்தில் அந்தக் கை மேல் படுத்தாலும் போலியாகக் குறைந்த எண் வரும். இறக்கத்தைவிட உணவுக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேர உச்சத்தைக் குறித்து வைப்பதுதான் எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. எந்த உணவு ஏற்றியது என்பது அங்கேதான் தெரியும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். அடிக்கடி இறங்கினால் உடல் எச்சரிக்கை கொடுப்பதையே நிறுத்திவிடும். சில வாரம் இறக்கமே இல்லாமல் பார்த்துக்கொண்டால் அந்த உணர்வு பெரும்பாலும் திரும்பி வரும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும்.

டயட்டில் மட்டும் அடங்காவிட்டால் அடுத்த படி பெரும்பாலும் அகார்போஸ் என்ற மாத்திரை. உணவின் முதல் கவளத்தோடு எடுக்க வேண்டும், சாப்பிட்டு முடித்த பின் எடுத்தால் பயன் குறைவு. மாவுச்சத்து உடைவதை அது தாமதப்படுத்தும். வாயுத் தொல்லை வரும், அதனால் சிறிய அளவில் தொடங்குவார்கள். இதை எடுப்பவர்கள் அவசரத்துக்கென்று பையில் வைத்திருக்கும் சர்க்கரையையும் மிட்டாயையும் மாற்றிவிட வேண்டும். சாதாரணச் சர்க்கரை உடைவதையும் அகார்போஸ் தடுப்பதால் இறங்கிய சுகரைச் சட்டென்று தூக்காது. குளுக்கோஸ் மாத்திரையோ குளுக்கோஸ் ஜெல்லோதான் வேலை செய்யும்.