வெளிச்சமாவது தெரியுது தம்பி

முகாமில் கண்புரை என்று எழுதிக் கொடுத்தவர்களிடம் பேசி அறுவைக்குச் சம்மதிக்க வைப்பது என் வேலை. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் மனசுக்குள் பதிலை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு கண்ணிலும் புரை முற்றி, பாவை வெளுத்திருந்தது. டார்ச் அடித்தால் எந்தப் பக்கத்து வெளிச்சம் என்று சரியாகக் கைகாட்டினார், பாவையும் சுருங்கியது. நல்ல அறிகுறிகள்தான். ஆனால் புரை இவ்வளவு முற்றினால் அதற்குப் பின்னால் விழித்திரையும் நரம்பும் எப்படி இருக்கின்றன என்று டாக்டராலும் பார்க்க முடியாது. ஆபரேஷன் இலவசம், வண்டி எங்களுடையது, லென்ஸ் வைத்து அனுப்புவோம் என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இப்போ வெளிச்சமாவது தெரியுது தம்பி. அதுவும் போயிடாதே?”

“போகாதும்மா” என்று சொல்லியிருக்கலாம். கூட வேலை செய்யும் அக்கா அப்படித்தான் சொல்வார், அவர் பேசினால் வண்டி நிறையும். நான் “பெரும்பாலும் போகாதும்மா. எப்பவாவது ஒருத்தருக்குச் சீழ் பிடிச்சு...” என்று ஆரம்பித்தேன்.

“அப்போ வேண்டாம் தம்பி.” எழுந்துவிட்டார்.

பொய் சொல்லிக் கூட்டிப்போவது சம்மதம் ஆகாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ‘பெரும்பாலும்’ அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்? உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அளவுகோலே, அறுவைக்குப் பிறகு 6/60-க்கும் கீழே (நல்ல கண் அறுபது மீட்டரில் பார்ப்பதை ஆறு மீட்டரில்கூடப் பார்க்க முடியாத அளவுக்கு) பார்வை நிற்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்குள் இருக்க வேண்டும் என்றுதான் சொல்லியது. எங்களுக்கு அது நல்ல கணக்கு. அந்த ஐந்தில் ஒருவர் அவர் தெருவிலேயே இருந்தால், அவருக்கு அந்த ஒருவர்தான் கணக்கு. என் சதவீதத்தை அவர் ஏன் நம்ப வேண்டும்?

அதே நிறுவனத்தின் 2019 அறிக்கை, தவிர்த்திருக்கக்கூடிய அல்லது இன்னும் கவனிக்கப்படாத பார்வைக் குறைபாட்டோடு குறைந்தது 100 கோடிப் பேர் இருப்பதாகச் சொல்கிறது. படிக்கும்போது டாக்டர் இல்லை, காசு இல்லை, தூரம் என்றே மனசு காரணம் தேடும். இந்த அம்மாவுக்கு மூன்றையும் நாங்கள் தீர்த்துவைத்திருந்தோம். தீர்த்ததாக நினைத்தோம்.

ஏனென்றால் மகன் பின்னாலேயே நின்றிருந்தான். நான் பேசும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “எத்தனை நாள் கூட இருக்கணும்?” பதிலைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அந்த அம்மாவால் அதைப் பார்த்திருக்க முடியாது. ஆனால் அவன் குரல் அவருக்குத் தெரியாததா? மகனுடைய கூலி போகும் என்று சொல்ல மனமில்லாமல் என் சீழ்க் கதையைச் சாக்காகப் பிடித்துக்கொண்டாரோ என்னவோ. அப்படியானால் நான் எதைச் சொல்லியிருந்தாலும் வந்திருக்க மாட்டார். இப்படி நினைக்கும்போது நிம்மதியாக இருக்கிறது. நிம்மதியாக இருப்பதாலேயே இதை நம்பத் தயக்கமாகவும் இருக்கிறது.

புதிதாகச் சேர்பவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள் என்றுதான் இன்றும் சொல்கிறேன். அப்புறம் சமீபத்தில் ஒரு பெரியவர் கிட்டத்தட்ட இதையே கேட்டபோது, “ஒண்ணும் ஆகாது, வாங்க ஐயா” என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது. வந்தார். இப்போது நன்றாகத் தெரிகிறதாம். அந்த வாரம் பயிற்சி வகுப்பில் நான் இதைச் சொல்லவில்லை.