ஆக்டனில் ஒரு அரை விளிம்புத் தோட்டாவும் நாற்பது டாலர் டாக்ஸிக்காரரும்

எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் திட்டம். ஆனால் டாக்ஸிக்காரரைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் அந்த எரிச்சல் கட்டுரை முழுக்க வழியும்.

யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டிக்கும் ஆக்டனுக்கும் நடுவே ஃப்ரண்ட்ரன்னர் என்று அருமையான ரயில் ஓடுகிறது. சுமார் 60 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், மாடி ஜன்னலில் உட்கார்ந்தால் வழியெல்லாம் மலை. சனிக்கிழமை அதில்தான் போய் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அது ஓடாது! ஒரு பெரிய நகரத்தின் ரயில் வாரத்தில் ஒரு நாள் அப்படியே தூங்கிவிடும் என்று யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை. ஸ்டேஷன் வாசலில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்ற என்னிடம் ஒரு டாக்ஸிக்காரர் நான் போக வேண்டிய இடத்துக்கு 80 டாலர் என்றார், சரி என்று ஏறினேன். தார்ச் சாலை முடிந்து ஜல்லிப் பாதை தொடங்கியதும் வண்டியை ஓரம் கட்டி, இந்தப் பாதையில் டயர் போய்விடும், காலியாகத் திரும்ப வேண்டும், 120 கொடுங்கள் என்கிறார். கோயம்பேட்டில் பேரம் பேசி வளர்ந்தவன் நான். ஆனால் சுற்றிலும் புதர்க்காடு, போனில் சிக்னல் ஒரு கோடு. கொடுத்தேன். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஐயா. அந்தப் பணத்தில் சென்னையிலிருந்து கொச்சிக்கு விமானத்தில் போய் வந்து மீன் குழம்பும் சாப்பிட்டிருக்கலாம்.

ஏன் அப்படி ஒரு பொட்டல் காட்டுக்குப் போனேன் என்றால், .38 சூப்பர் என்ற ஒரு தோட்டாவுக்காக.

அலுவலக வேலையாக மூன்று வாரம் சால்ட் லேக்கில் இருந்தேன். ஊரில் ரைஃபிள் கிளப்பில் .22 சுட்டுப் பழகியவன் என்பதால், ஆக்டன் என்றதும் எனக்கு ஜான் பிரவுனிங்தான் ஞாபகம் வந்தார். 1855இல் இந்த ஊரில் பிறந்தவர், அப்பாவும் துப்பாக்கி செய்பவர். 1911 என்ற மாடல் கைத்துப்பாக்கி, ராணுவ இயந்திரத் துப்பாக்கிகள் என்று இவர் கை வைக்காத வகை குறைவு. 1926இல் பெல்ஜியத்தின் லியேஜில் வேலையில் இருக்கும்போதே இறந்தார். ஊரின் பழைய ரயில் நிலையமான யூனியன் ஸ்டேஷனில், 1924இல் கட்டிய கட்டடம், அவர் பெயரில் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். பட்டறையின் மாதிரி ஒன்றும் உண்டு. துப்பாக்கியில் ஆர்வம் இல்லாதவர்கள் அரை மணி நேரத்தில் கொட்டாவி விட்டு வெளியே வந்துவிடுவார்கள், உண்மையைச் சொல்கிறேன். எனக்கு மூன்று மணி நேரம் போதவில்லை.

வெளியே 25ஆம் தெருவில் ஒரு பர்கர் சாப்பிட்டேன். பர்கர் சுமார்தான். உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தொட்டுக்கொள்ள ஃப்ரை சாஸ் என்று ஒன்று தந்தார்கள், யூட்டாக்காரர்களின் பெருமை அது. கெட்சப்பும் மயோனைஸும் கலந்த ரோஸ் நிறக் குழம்பு, அவ்வளவுதான். நம் ஊர்ப் பிள்ளைகள் வீட்டிலேயே கலக்கிக்கொள்வதை இவர்கள் பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆனாலும் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினேன், அதற்குக் காசு இல்லை என்று சொன்னதால் மூன்றாவதும்.

அருங்காட்சியகத்தில், கோல்ட் கைத்துப்பாக்கிகள் இருந்த பக்கத்தில் பேரனோடு நின்ற ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். என்ன சுடுகிறீர்கள் என்றதும், '.38 சூப்பர்' என்றார். ஏதோ கைவிடப்பட்ட மதத்தைச் சேர்ந்தவர் மாதிரி ஒரு சிரிப்பு. நாளைக்குப் போட்டி இருக்கிறது, வந்து பாருங்கள் என்று இடத்தையும் சொன்னார்.

கிளப் என்றால் கட்டடம் எல்லாம் இல்லை. மண்மேடுகளுக்கு நடுவே பழுப்பு அட்டை இலக்குகள், இரும்புத் தட்டுகள், மரச்சட்டங்கள். பார்வையாளருக்கும் கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம், இலவசமாகவே தந்தார்கள், டாக்ஸிக்காரர் பாடம் படிக்கட்டும். விசாவில் வந்தவன் அங்கே துப்பாக்கியைத் தொடுவதில் சட்டச் சிக்கல் உண்டு, அதனால் நான் வெறும் வேடிக்கை. சும்மா நிற்பானேன் என்று, ஒவ்வொருவரும் சுட்டு முடித்ததும் அட்டையில் விழுந்த ஓட்டைகளுக்குப் பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வேலையில் சேர்ந்துகொண்டேன்.

நடுவர் 'ஸ்டாண்ட் பை' என்று சொல்லி, டைமர் பீப் அடித்ததும் பெரியவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். அறுபதைத் தாண்டியவர். துப்பாக்கியின் மூக்கில் காம்பன்சேட்டர் என்ற துளை போட்ட உலோகத் துண்டு, மேலே சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி, பிடிக்குக் கீழே நீளமாகத் தொங்கும் மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டி. ஒவ்வொரு வெடிக்கும் என் நெஞ்சுக்கூட்டில் ஒரு தட்டு. ஆனால் துப்பாக்கியின் மூக்கு மேலே எழும்பவே இல்லை, தையல் மெஷின் ஊசி மாதிரி இருந்த இடத்திலேயே நின்றது.

ஏன் எழும்பவில்லை என்பதில்தான் இந்தத் தோட்டாவின் கதை இருக்கிறது. போட்டியில் தோட்டாவின் வலுவை ஒரு எண்ணால் அளக்கிறார்கள். குண்டின் எடை கிரெய்னில், வேகம் விநாடிக்கு எத்தனை அடி, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 165 வந்தால் 'மேஜர்', 125 வந்தால் 'மைனர்'. மேஜர் என்றால் நடுவிலிருந்து தள்ளி விழுந்த குண்டுக்கு 3க்குப் பதில் 4 புள்ளி, இன்னும் தள்ளிப் போனால் 1க்குப் பதில் 2. பழைய .45 தோட்டா 230 கிரெய்ன் குண்டை 720 அடி வேகத்தில் மெதுவாகத் தள்ளியே 165ஐத் தொட்டுவிடும். பெரியவருடையது 124 கிரெய்ன், அதாவது எட்டு கிராம், நம் கணக்கில் சரியாக ஒரு பவுன். ஒரு பவுன் எடையை 1340 அடி வேகத்தில் விரட்டினால் 166. அதற்கு வெடிமருந்து நிறைய வேண்டும், மருந்து நிறைய எரிந்தால் வாயு நிறைய, அந்த வாயு காம்பன்சேட்டரின் துளைகள் வழியே மேலே பீறிட்டு மூக்கைக் கீழே அழுத்துகிறது. .45இல் அழுத்தம் 21,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) தான் உச்சம், .38 சூப்பரில் 36,500. காம்பன்சேட்டருக்குத் தீனி அதுதான். போதாததற்குத் தோட்டா ஒல்லி, மேகசினில் அதிகம் போகும். 1980களின் தொடக்கத்தில் ராப் லேதம், பிரையன் ஈனோஸ் என்ற இரண்டு போட்டி வீரர்கள் இதைத்தான் செய்து காட்டினார்கள், .45 வைத்திருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அப்போது மேஜருக்கு 175 வேண்டும். அதை எட்ட மருந்தைத் திணித்து, கேஸின், அதாவது மருந்தைத் தாங்கும் பித்தளைக் கூட்டின், அடிப்பக்கம் கிழிந்து பித்தளைத் துணுக்கு முகத்தில் தெறித்தவர்களும் உண்டு, 'சூப்பர் ஃபேஸ்' என்று அதற்குப் பட்டப் பெயரே இருக்கிறது.

அதற்கு முன் ஐம்பது வருடம் இந்தத் தோட்டாவை விளையாட்டுக்காரர்கள் சீந்தவில்லை. பெரியவர் ஒரு காலிக் கேஸை உள்ளங்கையில் வைத்து, பக்கத்தில் ஒரு 9 எம்எம் கேஸையும் வைத்தார். சூப்பர் கிட்டத்தட்ட நாலு மில்லிமீட்டர் கூடுதல் உயரம். நகத்தால் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள் என்றார். 9 எம்எம்மில் அடியில் உள்ள பள்ளத்தைத் தாண்டினால் விளிம்பு உடம்பின் மட்டத்திலேயே இருக்கிறது. சூப்பரில் அந்த விளிம்பு லேசாகத் தட்டுகிறது. பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் துருத்திய அரை விளிம்பு. 1900இல் பிரவுனிங் இதன் முன்னோடியான .38 ஏசிபி தோட்டாவைச் செய்தபோது வைத்தது. நம் நாட்டில் உரிமத்துக்குக் கிடைக்கிற .32 ஏசிபி தோட்டாவும் அவர் கைவண்ணம்தான், அதிலும் இதே அரை விளிம்பு. ரிவால்வர் தோட்டாவின் முழு விளிம்பு மேகசினுக்குள் ஒன்றன் மேல் ஒன்று சிக்கும், அதனால் பாதி.

1929இல் கோல்ட் நிறுவனம் அதே கேஸில் மருந்தைக் கூட்டி, 1911 கைத்துப்பாக்கியில் .38 சூப்பராகக் கொண்டுவந்தது. கார்த் தகட்டைத் துளைக்கும் வேகம் என்று போலீசுக்குப் பிடித்தது, டில்லிஞ்சர் மாதிரிக் கொள்ளையருக்கும் பிடித்தது. குறி மட்டும் சரியாக விழாது. டிபன் கேரியர் அடுக்கு விளிம்பில் உட்காருகிற மாதிரி இந்தத் தோட்டா சேம்பரில், அதாவது குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறையில், விளிம்பால் தங்க வேண்டும், ஆனால் தாங்குவதற்குக் குழலில் இருந்தது ஒரு சின்னப் படி. ஒவ்வொரு தோட்டாவும் ஒவ்வொரு மாதிரி உட்காரும். பார்-ஸ்டோ என்ற பெயரில் குழல் செய்த இர்வ் ஸ்டோன் அந்த விளிம்பை மறந்துவிட்டு, கேஸின் வாய் சேம்பருக்குள் முட்டி நிற்கிற மாதிரி கடைந்தார். அதே தோட்டா, அதே மருந்து, குறி நெருங்கிவிட்டது. விளிம்பு தேவையே இல்லை என்று ஆனபின், அதைச் சீவிய .38 சூப்பர் காம்ப் என்ற கேஸும் வந்தது.

லத்தீன் அமெரிக்க நாடுகள் சிலவற்றில் ராணுவத் தோட்டாக்கள் பொதுமக்களுக்குத் தடை, அங்கேயும் இது பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த மைதானத்தில் ஓபன் பிரிவில் (காம்பன்சேட்டர், சிவப்புப் புள்ளி எல்லாம் அனுமதிக்கும் பிரிவு) நான் பார்த்த இளைஞர்கள் எல்லோரும் 9 எம்எம் கேஸிலேயே மருந்தை ஏற்றி மேஜர் சுடுகிறார்கள். அழுத்தம் அதிகம், பெரியவருக்குப் பயம். காரணம் காசுதான். 9 எம்எம் காலிக் கேஸ் எந்த மைதானத்திலும் குப்பையாகக் கிடக்கும். சூப்பர் கேஸ் புதிதாக வாங்கினால் ஒன்றுக்குக் கால் டாலர், அதனால் பெரியவர் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குனிந்து பொறுக்குகிறார், தனக்குரியது என்று தெரிய அடியில் பச்சை மார்க்கர் கோடு வேறு. ரயில் டிக்கெட்டில் இரண்டு டாலர் மிச்சம் பிடிக்க அரை கிலோமீட்டர் நடக்கிறவன் நான், எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடித்துப்போனது.

ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு காலிக் கேஸை நீட்டினார். ஆசைதான். ஆனால் சென்னை விமான நிலைய ஸ்கேனரில் அது தெரிந்தால் என்ன ஆகும் என்று நாளிதழ்களில் படித்திருக்கிறேன், அப்புறம் அந்த 120 டாலர் எல்லாம் ஒரு செலவே இல்லை. வேண்டாம் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததாக எனக்குப் பட்டது.

திரும்பும்போது தன் டிரக்கிலேயே சால்ட் லேக்கில் விடுவதாகச் சொன்னார், பெட்ரோலுக்குக் காசு நீட்டினால் கையைத் தள்ளிவிட்டார். முன் சீட்டில் பிளாஸ்டிக் வாளி, அதற்குள் பித்தளை கலகலவென்று. சுட்டது 142, வாளியில் 139. மூன்று எங்கே போயிருக்கும் என்று லேட்டன் தாண்டும்வரை அவர் புலம்ப, நான் என் நாற்பது டாலரைப் பற்றிப் புலம்பிக்கொண்டே வந்தேன்.