கூரையைத் தொடும் மூட்டைகள்

அடகுக்கடை ஊழியர் படுக்கை விரிப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரியில் ஏறுகிறார். ஏறிக்கொண்டே இருக்கிறார்.

படத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', 1948. அடகில் கிடக்கும் சைக்கிளை மீட்க, நாயகனின் மனைவி வீட்டு விரிப்புகளை உருவிக் கொண்டுவந்து கொடுக்கிறாள். உள்ளே அதே போன்ற மூட்டைகள், கூரை வரைக்கும். ஒவ்வொன்றும் ஒரு வீடு. வசனம் எதுவும் இல்லை. கேமரா மேலே பார்க்கிறது, அவ்வளவுதான்.

நாயகனாக நடித்தவர் நிஜத்தில் ஆலைத் தொழிலாளி. இதையெல்லாம் தேர்வில் 'நியோரியலிசம்' (சாதாரண மக்களின் வாழ்க்கையை உள்ளபடி காட்டும் திரைப்பாணி) என்று பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். படத்தைப் பார்க்காமலேயே!

சைக்கிள் திருடுபோகும் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. ஆனாலும் நாயகன் சுவரொட்டி ஒட்ட ஏணியில் ஏறியதும், "சைக்கிளைப் பாரப்பா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.