தொட்டியை மாற்றப் போய் சேசிஸில் இறங்கிய கதை

சிங்கப்பூரின் ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில் நள்ளிரவுக்கு மேல் மீன் எடுத்து, விடிவதற்குள் லிட்டில் இந்தியாவின் தேக்காவைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடுவது என் தொழில். மீன்தலைக் கறிக்குச் சிவப்பு மீன், வறுவலுக்கு வஞ்சிரம், அப்புறம் இறால், கணவாய். வண்டி ஒரு ஜப்பானிய பிக்கப். வேலை முடிந்ததும் பின்தொட்டியை ஹோஸ் பிடித்து நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். நாற்றமும் போகும், துருவும் பிடிக்காது என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் ஓர் அதிகாலையில் ஐஸ் பெட்டியைத் தூக்கத் தொட்டிக்குள் ஏறினேன். ரப்பர் விரிப்புக்குக் கீழே தரை மெத்தென்று அமுங்கியது. தகரம் எங்காவது அமுங்குமா? விரிப்பைப் புரட்டினேன். பழுப்பு நிறத்தில் ஈரச் சேறு. அதைக் காலால் தள்ளினால் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, ஓட்டை வழியாகத் தார்ச்சாலை.

பனி நாடுகளில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள், அதில்தான் வண்டிகள் துருப்பிடித்துப் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. என் உப்பு ஐஸ் பெட்டியிலிருந்து வந்தது. மீனோடு சேர்ந்து உருகிய தண்ணீர் விரிப்புக்கு அடியில் போய்த் தங்கியிருக்கிறது. நான் கழுவிய நல்ல தண்ணீர் அந்த உப்பைக் கரைத்து இன்னும் கீழே இறக்கியிருக்கிறது.

“வித்துட்டு வேற வாங்குங்களேன்” என்றார் மனைவி. சொல்வது சுலபம். 2013இல் பதிவான வண்டி. பத்து வருட சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்க அரசாங்கத்திடம் வாங்கும் உரிமைச் சான்றிதழ், 2023இல் முடிந்தபோது, அதன் மூன்று மாதச் சராசரி விலையில் பாதியைக் கட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தேன். வண்டியைவிட அந்தக் காகிதத்துக்குத்தான் நான் அதிகம் கொடுத்திருக்கிறேன். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தால் மறுபடி நீட்டிக்க முடியாது, 2028இல் வண்டி போயே ஆக வேண்டும். அதுவரைக்குமாவது ஓட வேண்டுமே. பத்து வருடம் தாண்டிய சரக்கு வண்டி என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனையும் உண்டு. அடுத்ததற்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கார்ப்பார்க்கில் கிரைண்டரை ஓட்ட முடியாது. சுங்கை காடூட் பக்கம் தெரிந்த பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மூலையைத் தருவதாகச் சொன்னார். அவரிடம் வேலை பார்க்கும் புதுக்கோட்டைத் தம்பி வெல்டிங் செய்வார், கூலி பில்லில் வரும், எடுபிடி வேலை எனக்கு. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடியும் என்றார் தவுக்கே. ஆறு ஆனது.

தொட்டி கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை. இந்த ஊரில் வண்டிகள் பெரும்பாலும் வயதாகிச் சாவதில்லை, சிஓஇ முடிந்து சாகின்றன. கழிவுக்கு வந்திருந்த அதே மாடல் வண்டி ஒன்றின் தொட்டி, கதவோடு, 1,100 சிங்கப்பூர் வெள்ளி. முன்னாள் உரிமையாளர் அதில் என்ன ஏற்றினாரோ, பூவாகத்தான் இருக்கும். அவ்வளவு சுத்தம். நிறம்தான் வெள்ளை, என் வண்டி சாம்பல். நிறம் மாறினால் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அந்த வேலையே வேண்டாமென்று தொட்டிக்குச் சாம்பல் அடித்தோம்.

பழைய தொட்டியைக் கழற்றுவதற்குள் முதல் ஞாயிறு போய்விட்டது. எட்டு போல்ட்டு. இரண்டு நாள் முன்பே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவைத்தும் மூன்றுதான் அசைந்தன. மற்ற ஐந்தின் தலையையும் கிரைண்டரால் அறுத்தோம். அதற்கு முன்பே டீசல் ஊற்றும் குழாயின் கழுத்தையும் பின்விளக்கு ஒயரையும் கழற்றிவிட வேண்டும். ஒயரை மறந்துவிட்டுத் தொட்டியைத் தூக்கினோம், பிளக் பிய்ந்துகொண்டு வந்தது. நான்கு பேர் பிடித்து இறக்கி ஓரமாக வைத்தோம்.

அப்போதுதான் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், முழுவதும் கண்ணில் பட்டது. மேலுக்கு மோசமில்லை, பழுப்பாக இருந்தது, அவ்வளவுதான். தம்பி சின்னச் சுத்தியலை எடுத்து முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். பின் அச்சுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடத்தில் டொப் என்றது. திருப்புளியை வைத்து அழுத்தினார், கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது.

“அண்ணே, தொட்டி பரவால்லண்ணே. இதுதான் வேலை.”

அந்த இடத்தில் சட்டம் பெட்டி மாதிரி மூடியிருக்கும். உள்ளே புகும் தண்ணீர் வெளியேற அடியில் சின்னச் சின்ன வடிதுளைகள் உண்டு. எல்லாத் துளையிலும் சேறு அடைத்து, மீன் செதில் ஒட்டிக் காய்ந்து இறுகிக் கிடந்தது. தொட்டியைக் கழுவிய தண்ணீரெல்லாம் பதினோரு வருடமாக இதற்குள்தான் தேங்கியிருக்கிறது. வெளியிலிருந்து துரு தின்றிருந்தால் என்றைக்கோ பார்த்திருப்பேன், இது உள்ளிருந்து தின்றது. இரும்பைத் தோண்டினால் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வந்தது.

வெட்டுவதற்கு முன் தம்பி செய்த சில காரியங்களைச் சொல்ல வேண்டும், சொந்தமாகச் செய்பவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றினார். டீசல் தொட்டியை இறக்கித் தூர வைத்தார். பிரேக் குழாய்களையும் கழற்றினார், அவையே சொறிபிடித்துக் கிடந்ததால் பிறகு புதிதாகப் போட்டோம். பின் அச்சிலிருந்து சேசிஸுக்கு ஒரு மெல்லிய கம்பி வரும். சுமை ஏறி வண்டி தாழும்போது பின்சக்கர பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் வால்வுடையது. அதைத் தொடும் முன் அது இருந்த நிலையை வெள்ளைப் பெயிண்ட்டால் கோடு போட்டு வைத்தார். மாறிப் போய் மாட்டினால் காலி வண்டியில் பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளுமாம். சேசிஸில் குத்தியிருக்கும் எண்ணின் மேல் மூன்று சுற்று டேப் ஒட்டினார். கம்பி பிரஷ் அந்தப் பக்கம் போய் எண் தேய்ந்தால் பரிசோதனையில் யார் பதில் சொல்வது?

கடைசியாக, சட்டம் கோணினால் தெரிவதற்குக் குறுக்களவு. இடது முன் துளையிலிருந்து வலது பின் துளைக்கு ஒன்று, வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கு ஒன்று. இரண்டையும் சுவரில் சாக்பீஸால் எழுதினார்.

நல்ல இரும்பு பளபளவென்று தெரியும் வரை வெட்டினோம். வெட்டிய இடத்தை அட்டைப் பெட்டியில் வரைந்து அச்சு எடுத்து, அதே தடிமனில் தகடு வாங்கினோம். நான் தகட்டின் ஓரத்தை நேராகக் கோடு போட்டேன். தம்பி அழித்துவிட்டுச் சாய்வாக வரைந்தார்.

“நேரா வெட்டி மேலேர்ந்து கீழ பத்தவச்சா, சுமை ஏறினதும் அந்தக் கோட்டுலயே ஒடிஞ்சிரும்ணே.”

வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பு கொஞ்சம் பலம் குறையும். அந்தப் பலவீனம் ஒரே குறுக்குக் கோட்டில் விழாமல் சாய்வாகப் பரவட்டும் என்பது கணக்கு. ஒரே மூச்சில் பற்றவைக்கவும் இல்லை. இங்கே ஓர் அங்குலம், அங்கே ஓர் அங்குலம், நடுவில் ஆற விட்டு ஒரு தே தாரிக், நம் ஆற்றிய பால் டீதான். முடிந்ததும் மறுபடி குறுக்களவு. சுவரில் இருந்த எண்ணுக்கும் இதற்கும் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். தவுக்கே வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் பாராட்டினால் அவ்வளவுதான்.

மூன்றாவது ஞாயிறு நான் செய்த தப்பு. துருவைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைத் தடவினேன். நன்றாகக் கறுத்தது. மழை விட்ட மாலை நேரம், அவசரத்தில் பிரைமரையும் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் அம்மை போட்டது மாதிரி கொப்புளம். ஒன்றை நகத்தால் கீறினேன், உள்ளே ஈரம், ஈரத்துக்குக் கீழே பழுப்பு.

இரும்பின் சின்னச் சின்னக் குழிகளில் உப்பு தங்கியிருந்தால் பெயிண்ட் அதை அடைத்துவிடாது. உப்பு பெயிண்ட்டைத் தாண்டி ஈரத்தை உள்ளே இழுக்கும். இங்கே விடிவதற்கு முன் காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் போகும், இழுக்கத் தண்ணீருக்கா பஞ்சம்? சரி, அத்தனையையும் சுரண்டினேன். இந்த முறை மருந்து எதையும் தொடுவதற்கு முன் நல்ல தண்ணீரை அழுத்தத்தில் அடித்துச் சட்டத்தின் உள்ளும் புறமும் கழுவினோம். மூன்றாவது கழுவலில் வடிதுளை வழியாக வந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. எனக்குச் சந்தேகம். ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. தம்பி சிரித்தார், பிறகு அவரும் தொட்டுப் பார்த்துவிட்டு ஹோஸை மறுபடி எடுத்தார். ஆறு முறை கழுவிய பிறகுதான் சப்பென்று ஆனது. (இதை யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. டீசலும் கிரீஸும் கலந்த தண்ணீர் அது.)

ஊதுகுழலால் உலர்த்தி, நண்பகல் வெயிலில் வேலையைத் தொடங்கினோம். துரு மாற்றி, இரண்டு டப்பா கலக்கும் எப்பாக்சி பிரைமர் இரண்டு கை, மேலே கறுப்பு. வடிதுளைகளில் மரக்குச்சியைச் செருகிவிட்டு அடித்ததால் துளை அடைபடவில்லை. சட்டத்தின் உள்ளே பிரஷ் போகாது, நீளமான குழாய் முனையால் மெழுகு பீய்ச்சினோம். குச்சியைப் பிடுங்கியதும் மிச்ச மெழுகு துளை வழியாகச் சொட்டியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிம்மதி.

புதிய தொட்டிக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட்டு போடலாம் என்று ஆசைப்பட்டேன். தவுக்கே வேண்டாமென்றார். உப்புத் தண்ணீரில் அதுவும் சாதா இரும்பும் ஒட்டி நின்றால் இரும்புதான் அரிபடும், போல்ட்டு பளபளக்கும், துளை பெரிதாகும். 8.8 வலிமைத் தரத்தில் துத்தநாகம் பூசிய போல்ட்டு, புது ரப்பர் கட்டைகள், மரையில் காப்பர் கிரீஸ். தூக்கி வைத்து மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எல்லாமாகச் சேர்த்து 3,400 வெள்ளிச் சொச்சம், அதில் பாதிக்கு மேல் சேசிஸுக்கு.

பரிசோதனைக்கு இரவெல்லாம் தூங்காமல் போனேன். அதிகாரி குழியில் இறங்கி டார்ச் அடித்தார். பின் அச்சுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார், பிரேக் சோதித்தார், எண்ணைப் பார்த்தார். மேலே வந்து, “பின்னால 70 ஸ்டிக்கர் எங்கே?” என்றார். பழைய தொட்டிக் கதவோடு வேக வரம்பு வில்லையும் கழிவுக்குப் போய்விட்டது. ஒட்டிவிட்டு வந்து காட்டச் சொன்னார். ஆறு வாரம் சேசிஸோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் ஸ்டிக்கர் ஒட்டப் போனேன்.

இப்போது ரப்பர் விரிப்பு இல்லை. ஐஸ் பெட்டிகள் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் உட்காரும், அதன் தக்கையைத் துறைமுகத்திலேயே திறந்து தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். வாரம் ஒரு முறை வண்டிக்கு அடியில் படுத்து, ஹோஸைச் சட்டத்துக்குள் விட்டு, நான்கு துளையும் ஒழுகுகிறதா என்று பார்க்கிறேன். போன வாரம் இடதுபின் துளை ஒழுகவில்லை. கம்பியை விட்டுக் குத்தினால் ஒரு மீன் செதில்.