கை மாறிய ஐந்நூறு

கண்டக்டர் பின்படிக்கட்டில், நான் முன்னால். நடுவில் கடலூரே ஏறியிருந்தது.

“பாண்டி ஒண்ணு, பாஸ் பண்ணுங்க” என்று 500 ரூபாய்த் தாளை நீட்டினேன். காலேஜ் பையன், மீன்கூடைக்கார அம்மா, அப்புறம் யார் கையில் போனதோ.

கிருமாம்பாக்கம் தாண்டித் திரும்பி வந்தது. டிக்கெட்டுக்குள் சில்லறையை வைத்துச் சுருட்டியிருந்தார்கள். மேலிருந்த நூறு ரூபாயில் அந்த அம்மாவின் ஈர விரல் தடம்.

எண்ணினேன், பழக்கதோஷம். சரியாக இருந்தது.

2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. 40 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களை, ‘கீழே கிடந்தது’ என்று வரவேற்பு மேசைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். திருப்பித் தர முயன்றதில் சுவிட்சர்லாந்தும் நார்வேயும் முன்வரிசை. நாம் பின்னால்தான்.

ஆனால் பெரும்பாலான நாடுகளில் காலி பர்ஸைவிடப் பணம் இருந்த பர்ஸுக்குத்தான் அதிகம் பேர் உரியவரைத் தேடினார்களாம்!

நம் பஸ்ஸை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே பத்துக் கண் பார்க்கிறது, நாளைக்கு அவரவர் பணமும் அப்படித்தானே போகணும்?

பாண்டியில் இறங்கியதும் ஒரு பையன், “அண்ணே, போன் ஆஃப் ஆயிடுச்சு, வீட்டுக்கு ஒரு கால் பண்ணிக்கட்டுமா?” என்றான்.

ஐந்நூறைக் கொடுத்த அதே கை பாக்கெட்டை அழுத்திப் பிடித்தது. ஓடிபி, மோசடி என்று தினமும் படிக்கிறோமே.

“சார்ஜ் இல்லப்பா” என்றேன்.

70 சதவீதம் இருந்தது.