அந்த ஏழடியை யார் அளந்தது?

அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள அன்னாபொலிஸில் போன மாதம் பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கிய நண்பர், "எந்த எலக்ட்ரானிக் சார்ட் வாங்கட்டும்?" என்று கேட்டார். சார்ட் என்றால் கடலின் ஆழங்களைக் காட்டும் வரைபடம். ஒரு பெயரைச் சொன்னால் அவருக்குப் போதும். நான் அரை மணி நேரம் பேசிவிட்டேன். பேசியதில் பாதி அவருக்கு நினைவிருக்காது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். செசபீக் விரிகுடாவில் பாய் விரிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

முதலில் இந்தத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம். செசபீக் வடக்கு தெற்காக சுமார் 200 மைல் நீளம், ஆனால் சராசரி ஆழம் 21 அடிதான். நடுவில் பால்டிமோருக்குச் சரக்குக் கப்பல்கள் போகும் ஆழமான தடம் இருக்கிறது. சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்பும் நமக்கு அந்தத் தடத்தில் வேலையில்லை. நாம் போக ஆசைப்படுவது வை ஆறு, ரோட் ஆறு, செயின்ட் மைக்கேல்ஸ், டில்மன் தீவு மாதிரியான இடங்களுக்கு. மரங்கள் இரண்டு பக்கமும் சூழ்ந்த ஓடைகள், இரவில் நங்கூரம் போட்டால் கொக்குச் சத்தம் மட்டும் கேட்கும். அங்கெல்லாம் ஆழம் எட்டடி, ஆறடி, திடீரென்று மூன்றடி. என் படகின் கீல், அதாவது அடியில் நீண்டிருக்கும் பாகம், தண்ணீருக்குள் ஐந்தடி இறங்கும். ஆக இங்கே சார்ட் தேர்ந்தெடுப்பது என்றால், ஐந்தடிக்கும் ஏழடிக்கும் நடுவே உள்ள அந்த இரண்டடியை யாரை நம்பி ஒப்படைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

எனக்கு இது புரிந்தது ஓர் அக்டோபர் மாதத்தில். வை ஆற்றின் ஒரு கிளை ஓடைக்குள் மனைவியோடும் மகளோடும் போய்க்கொண்டிருந்தேன். படகு இருக்கும் இடத்தைச் சார்ட்டின் மேல் காட்டும் திரைக்குப் பிளாட்டர் என்று பெயர். அதில் இருந்தது காசு கொடுத்து வாங்கிய சார்ட் கார்டு, எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. ஒவ்வோர் அடிக்கும் ஒரு கோடு என்று, ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் ஆழக்கோடுகள் நெருக்கமாக, அவ்வளவு தெளிவாக இருக்கும். ஓடை வாயில் இருந்த முனையைச் சுற்றும்போது ஏழடி என்று காட்டியது. அந்தக் கோட்டை ஒட்டியே திருப்பினேன். படகு மெதுவாக, யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி நின்றுவிட்டது. செசபீக்கின் அடித்தரை பெரும்பாலும் மென்மையான சேறு என்பதால் படகுக்கு எதுவும் ஆகவில்லை, ஆனால் அன்று மாலை நான்கு மணி நேரம் நாங்கள் அங்கேயே சாய்ந்து கிடந்தோம். மகளுக்கு அப்போது ஏழு வயது. "அப்பா, அதுல ஏழுன்னுதானே போட்டிருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அதே இடத்தை நோவாவின் சார்ட்டில் பார்த்தேன். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிர்வாகத்தைத்தான் இங்கே எல்லோரும் நோவா என்பார்கள். அதில் அந்த முனைக்கு வெளியே நாலடி என்று ஒரே ஒரு எண், சுற்றிலும் வெறும் நீல நிறம். நெருக்கமான கோடுகள் எதுவும் இல்லை. கார்டில் நான் நம்பிய ஏழடிக் கோடு எந்தக் கப்பலும் அளந்ததல்ல, மற்ற படகுகளில் ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர்கள் பதிவு செய்து அனுப்பிய எண்களிலிருந்து கணினி வரைந்தது. அந்த முனைக்கு அருகே எத்தனை படகுகள் போயிருக்கும்? ஒன்றுகூடப் போயிருக்காது. இரண்டு பக்கமும் உள்ள எண்களை வைத்து நடுவில் கோடு இழுத்திருக்கிறது.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பயனர்கள் அனுப்பும் ஆழத்தை வைத்துப் படம் செய்வது இன்று ஒரு நிறுவனம் மட்டும் செய்வதில்லை. சார்ட் விற்கும் நேவியானிக்ஸ், கார்மின், சி-மேப் எல்லோரிடமும் இது ஏதோ ஒரு பெயரில் உண்டு. நல்ல விஷயம்தான். படகுகள் அடிக்கடி போய்வரும் கால்வாய்களில், அரசு அளந்து பல வருடங்கள் ஆன இடங்களில், போன கோடையின் ஆழத்தை இது காட்டிவிடும். டில்மன் தீவின் நாப்ஸ் நேரோஸ் மாதிரி மணல் சேர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் நானே இதைத் திறந்து பார்ப்பேன். என் வருத்தம் வேறு. அளந்த கோட்டுக்கும் ஊகித்த கோட்டுக்கும் திரையில் ஒரே கனம், ஒரே நிறம். பார்ப்பவருக்கு எது எது என்று தெரிய வழியில்லை.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, நோவாவின் எலக்ட்ரானிக் சார்ட்டுகளான இஎன்சி கோப்புகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். முழுக்க இலவசம், வாரா வாரம் புதுப்பிக்கப்படும். இதன் தாய் அமைப்பு 1807-ல் ஜெஃபர்சன் காலத்தில் கடற்கரையை அளப்பதற்காகத் தொடங்கப்பட்டது. அந்த நீண்ட பரம்பரையின் காகித சார்ட்டுகளை நிறுத்தப்போவதாக 2019-ல் அறிவித்தார்கள், ஐந்தாண்டுகளில் ஒவ்வொன்றாக விலக்கி 2024 முடியும்போது எல்லாம் முடிந்தது. காகிதத்தைப் படம் பிடித்த மாதிரி இருந்த ராஸ்டர் கோப்புகளும் அதோடு போய்விட்டன. எனக்கு அது இன்னும் வலிக்கிறது, அந்தப் படங்களில் ஒரு வரைபடக்காரரின் கை தெரியும். சரி, இனி அதிகாரபூர்வமானது இஎன்சிதான். காகிதம் வேண்டுமானால் நோவாவின் இணையதளத்தில் நமக்கு வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து பிடிஎஃப் ஆக்கி அச்சடித்துக்கொள்ளலாம். நான் அன்னாபொலிஸிலிருந்து செயின்ட் மைக்கேல்ஸ் வரை அப்படி அச்சடித்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கோப்புகளைத் திறக்க ஓப்பன்சிபிஎன் என்ற இலவச மென்பொருள் போதும். கைப்பேசியில் அக்வா மேப் மாதிரியான செயலிகள் நோவா சார்ட்டையும், அரசுக் கால்வாய்களில் ராணுவப் பொறியாளர் படை எடுக்கும் புதிய அளவுகளையும் சேர்த்தே காட்டுகின்றன.

அரசு சார்ட் என்றாலே எல்லாம் துல்லியம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, கை கையாக எண்ணி அளந்த காலத்து ஆழங்கள் இன்றைய திரையிலும் இருக்கின்றன. (நம் கரையில் கடலோடிகள் பாகக் கணக்கில் ஆழம் சொல்வார்களே, அதே கணக்குத்தான் ஃபேதம் என்பது.) ஆனால் இஎன்சியில் அதைக் கண்டுபிடிக்க வழி வைத்திருக்கிறார்கள், எனக்கு அதன்மேல் இருக்கும் மரியாதைக்கு முக்கியக் காரணம் அதுதான். ஒவ்வொரு பகுதிக்கும் நம்பகத்தன்மையின் தரம் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும், கேட்ஸாக் என்று சொல்வார்கள். ஏ1 என்றால் இடம் 5 மீட்டருக்குள், ஆழம் அரை மீட்டரும் ஆழத்தில் நூற்றுக்கு ஒன்றும் சேர்ந்த பிழைக்குள். பி என்றால் இடம் 50 மீட்டர், ஆழம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சி என்றால் இடத்திலேயே 500 மீட்டர் பிழை இருக்கலாம், ஆழத்தில் இரண்டு மீட்டருக்கு மேல். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மீட்டர் ஆழம் என்று காட்டும் ஓர் ஓடை சி தரத்தில் இருந்தால், அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அங்கே தண்ணீர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஓப்பன்சிபிஎன்னில் அமைப்புகளுக்குள் போய் இந்தத் தர அடையாளத்தை இயக்கினால் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் வரும், ஆறு நட்சத்திரம் ஏ1, குறையக் குறையத் தரம் குறைவு. திரை முழுக்க நிரம்பி எரிச்சலாக இருக்கும் என்பதால் நான் பயணத்தின்போது அணைத்துவிடுவேன், முந்தைய நாள் இரவு வீட்டில் உட்கார்ந்து திட்டமிடும்போது மட்டும் கட்டாயம் பார்ப்பேன். வாங்கும் கார்டில் இந்தத் தகவலை எங்கே பார்ப்பது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவரால் காட்ட முடியவில்லை என்றால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஜூம். இஎன்சி மாதிரியான வெக்டர் சார்ட்டில் படம் என்று ஒன்று கிடையாது, இருப்பது தகவல் அடுக்குகள். நாம் விலக்கிப் பார்க்கப் பார்க்க மென்பொருள் சிலவற்றை மறைத்துக்கொண்டே போகும், இல்லையென்றால் திரை எறும்புக்கூட்டம் மாதிரி ஆகிவிடும். இது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வால்வோ ஓஷன் ரேஸ் என்ற உலகம் சுற்றும் பாய்ப்படகுப் போட்டியில் 2014-ல் நடந்ததை நினைத்துக்கொண்டால் போதும். நவம்பர் 29 அன்று கேப்டவுனிலிருந்து அபுதாபிக்குப் போய்க்கொண்டிருந்த டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு, மொரிஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கர்காடோஸ் கராஹோஸ் பவளத்திட்டில் இருட்டில் 19 நாட் (மணிக்கு சுமார் 35 கிலோமீட்டர்) வேகத்தில் ஏறியது. ஒன்பது பேரும் உயிர் பிழைத்தார்கள். உலகத்தின் மிகச் சிறந்த மாலுமிகளில் சிலர் அவர்கள். விலக்கிப் பார்த்த அளவில் அந்தத் திட்டு ஆபத்தாகத் தெரியவில்லை, போதுமான அளவு நெருக்கிப் பார்க்கவும் இல்லை. பிறகு வந்த சுயாதீன விசாரணை, சார்ட்டைப் பயன்படுத்திய விதத்தோடு, அந்த அளவுச் சார்ட்டுகளில் ஆபத்து காட்டப்பட்ட விதத்தையும் குறை சொன்னது. அதனால் நான் பாதையைக் கோடு போட்டதும், அந்தக் கோட்டின் மேலேயே நெருக்கமான ஜூமில் முதலிலிருந்து கடைசி வரை விரலால் தள்ளிக்கொண்டே போய்ப் பார்க்கிறேன். அன்னாபொலிஸிலிருந்து வை ஆற்றுக்கு இதற்குப் பத்து நிமிடம் ஆகும்.

ஒரு சின்ன அமைப்பைப் பலர் தொடுவதே இல்லை, பாதுகாப்பு ஆழக்கோடு. அதைவிட ஆழம் குறைந்த இடங்களை மென்பொருள் வேறு நிறத்தில் காட்டி எச்சரிக்கும். எனக்கு ஐந்தடி, அதாவது ஒன்றரை மீட்டர், அதனால் இரண்டு மீட்டர் என்று போட்டேன். ஓடை முழுக்க ஆழமற்ற நிறத்துக்கு மாறி, எச்சரிக்கை ஒலி நிற்கவே இல்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. நோவாவின் பழைய கோப்புகள் அடிக்கணக்கில் வரைந்ததை மீட்டராக்கியவை, ஆறடிக்கு 1.8, பன்னிரண்டடிக்கு 3.6 என்று கோடுகள் இருக்கும். நாம் கேட்ட இரண்டு மீட்டருக்குக் கோடே இல்லாததால் மென்பொருள் அதைவிட ஆழமான அடுத்த கோடான 3.6-ஐ எடுத்துக்கொள்கிறது. 1.8 என்று மாற்றியதும் படம் பேச ஆரம்பித்தது. இப்போது நோவா தன் சார்ட்டுகளை ஒழுங்கான கட்டங்களாக, மீட்டர் கணக்கில் மறுபடி செய்துகொண்டிருக்கிறது. அதனால் உங்கள் பகுதியில் எது இருக்கிறது என்று நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன், காசு கொடுத்து எதை வாங்குவது? உண்மையில் அதை முடிவு செய்வது படகில் ஏற்கெனவே இருக்கும் பிளாட்டர். பிளாட்டர் கம்பெனிகள் பெரும்பாலும் நோவாவின் கோப்பை அப்படியே ஏற்பதில்லை. கார்மின் 2017-ல் நேவியானிக்ஸை வாங்கிவிட்டது. பி அண்ட் ஜி, சிம்ராட் எல்லாம் சி-மேப் இருக்கும் அதே குடும்பம். ரேமரைன் தனக்கென்று லைட்ஹவுஸ் சார்ட் வைத்திருக்கிறது. ஆக உங்கள் பிளாட்டரின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, எந்தக் கார்டு ஓடும் என்று பார்த்து, அதில் ஒன்றை வாங்குங்கள். அமெரிக்கத் தண்ணீரில் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பெரும்பாலும் நோவாவின் அளவுகள்தான், அதனால் எது சிறந்தது என்ற விவாதத்தில் இரவைக் கழிக்க வேண்டாம். மிச்ச நேரத்தை இரண்டாவது கருவிக்குக் கொடுங்கள், நோவா சார்ட் ஏற்றிய ஒரு டேப்லெட். ஐபேட் என்றால் சிம் போடும் வகையை வாங்குங்கள், வைஃபை மட்டும் உள்ளதில் ஜிபிஎஸ் கிடையாது. கரையிலேயே சார்ட்டுகளை இறக்கி வையுங்கள். ஜூலை வெயிலில் அது சூடாகி அணைந்துவிடும், நிழலில் வைக்க இடம் பாருங்கள்.

வாங்கும்போதே புதுப்பிக்கும் செலவையும் கேளுங்கள். 2024 மார்ச் 26 அதிகாலையில் டாலி என்ற சரக்குக் கப்பல் மோதி பால்டிமோரின் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் படாப்ஸ்கோ ஆற்றில் விழுந்தபோது, தற்காலிகத் தடங்கள், புது மிதவைகள், தடை செய்த பகுதிகள் என்று வாரத்துக்கு வாரம் எல்லாம் மாறியது. அந்த வருடம் புதுப்பிக்காத கார்டுகளில் பாலம் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

கடைசியாக, எந்தச் சார்ட்டிலும் வராத ஒன்று. சார்ட்டில் போட்டிருக்கும் ஆழம், ஒவ்வொரு நாளின் தாழ்நீர்களில் அதிகம் தாழ்ந்ததன் சராசரி மட்டத்திலிருந்து. அன்னாபொலிஸில் ஏற்ற இறக்கம் ஓரடிதான், அதனால் அலட்சியமாக இருந்துவிடுவோம். ஆனால் வடமேற்குக் காற்று இரண்டு நாள் பலமாக அடித்தால் விரிகுடாவின் தண்ணீரையே தெற்கே தள்ளிவிடும், மட்டம் சார்ட்டுக்குக் கீழேயே போய்விடும். நான் சேற்றில் நின்ற அந்த அக்டோபர் மாலைக்கு முந்தைய இரண்டு நாளும் வடமேற்குக் காற்றுதான். அன்னாபொலிஸ் கடற்படைப் பள்ளியில் நோவா வைத்திருக்கும் மட்டக்கருவி அந்த நேரத்தின் உண்மையான உயரத்தை இணையத்தில் காட்டிக்கொண்டே இருக்கிறது. இப்போது கயிறு அவிழ்ப்பதற்கு முன் மகள்தான் அதைப் பார்த்து வாசிக்கிறாள். நான் அதை நாலடியோடு கூட்டியோ கழித்தோ சொல்கிறேன், அவள் தாளில் எழுதிக்கொள்கிறாள்.